மண் தேரில் ஏற்றிய கடன்

பொம்மைக் கடைகளைப் பற்றி நம் இலக்கிய நண்பர்கள் எழுதும்போதும் பேசும்போதும் ஒரு சொல் தவறாமல் வந்துவிடுகிறது. 'புயல்' என்பதே அச்சொல். இணைய வணிகம் என்னும் புயல் அடித்தது. உலகின் மிகப் பெரிய பொம்மைக் கடைத் தொடர்களுள் ஒன்றான டாய்ஸ் ஆர் அஸ் வேரோடு சாய்ந்தது. குழந்தைகள் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டார்கள். ஒரு காலம் முடிந்தது. இவ்வரிசை மாறுவதில்லை. எழுதுபவர் மாறுகிறார், இரங்கற்பா அதேதான்.

நாம் இராமநாதபுரம் கடற்கரையைச் சேர்ந்தவர்கள். புயல் என்ற சொல்லை உவமையாகக் கேட்டால் நமக்குச் சற்றுக் கூசும். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் எழுந்த புயல் விடிவதற்குள் தனுஷ்கோடி என்னும் ஊரை இல்லாமல் ஆக்கியது. ஊருக்குள் வந்துகொண்டிருந்த ரயிலும் அதிலிருந்த பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. தேவாலயத்தின் கூரையற்ற சுவர்களை இன்றும் போய்ப் பார்க்கலாம். புயல் கதவு எண் பார்த்து அடிப்பதில்லை. கடன் வாங்கியவன் வீட்டையும் வாங்காதவன் வீட்டையும் அது ஒன்றாகவே தூக்கிச் சென்றது.

டாய்ஸ் ஆர் அஸ் கதையில் அப்படி நடக்கவில்லை. 2018ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் அமெரிக்காவிலிருந்த அதன் கடைகள் யாவும் மூடப்பட்டன. பிரிட்டனில் அதற்குச் சில வாரங்கள் முன்பே மூடப்பட்டன. ஆனால் அதே பெயர்ப்பலகையோடு, அதே பொம்மைகளோடு, கனடாவிலும் ஆசிய நாடுகளிலும் இருந்த கடைகள் அதன் பிறகும் திறந்தே இருந்தன. அங்கெல்லாம் இணையம் இல்லையா? அங்குள்ள குழந்தைகளுக்குக் கைப்பேசி கிடைக்கவில்லையா? ஒரே தெருவில் ஒரு கூரை பறந்து அடுத்த கூரை நின்றால், காற்றைக் குறை சொல்வதற்கு முன்னால் பறந்த கூரையின் கட்டுமானத்தைப் பார்ப்பதே முறை. இந்தக் கட்டுரையில் நாம் செய்ய முற்படுவது அதைத்தான்.

*

முதலில் எழுச்சி. சார்லஸ் லாசரஸ் என்னும் இளைஞர் இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பியவர். 1948இல் வாஷிங்டன் நகரில், தந்தையார் மிதிவண்டிக் கடை நடத்திய இடத்திலேயே, குழந்தைகளுக்கான தொட்டில், கட்டில் விற்கும் கடையைத் திறந்தார். போர் முடிந்து வந்தவர்கள் மணம் முடித்துப் பிள்ளை பெறுவார்கள் என்பது அவருடைய கணக்கு. கணக்கு தப்பவில்லை. ஆனால் தொட்டில் வாங்கியவர் இரண்டாம் பிள்ளைக்கும் அதே தொட்டிலைத்தான் பயன்படுத்தினார். பொம்மை வாங்கியவரோ திரும்பத் திரும்ப வந்தார். ஏனென்றால் பொம்மை உடைகிறது. உடையாவிட்டாலும் பிள்ளைக்குச் சலிக்கிறது. வணிகத்தின் முழு ரகசியமும் அந்த ஒரு கண்டுபிடிப்பில் இருந்தது.

1957இல் பொம்மைகளுக்கு மட்டுமேயான பெருங்கடையை அவர் திறந்தார். பலசரக்குக் கடலாக இருந்த பேரங்காடி முறையைப் பொம்மைக்குக் கொண்டுவந்தார். உயர்ந்த அடுக்குகள், தள்ளுவண்டிகள், ஆண்டு முழுவதும் சரக்கு, குறைந்த விலை. அதுவரை கிறிஸ்துமஸ் காலத்துப் பண்டமாக இருந்த பொம்மை பன்னிரண்டு மாதப் பண்டமாயிற்று. 1966இல் தம் கடைகளை இன்டர்ஸ்டேட் என்னும் பெரிய நிறுவனத்துக்கு 75 இலட்சம் டாலருக்கு விற்றுவிட்டு, அவற்றைத் தாமே நடத்தியும் வந்தார். 1974இல் அந்தத் தாய் நிறுவனம் திவாலானது. அதன் பிற கடைகள் நட்டத்தில் மூழ்க, பொம்மைக் கடைகள் மட்டும் ஈட்டிக்கொண்டிருந்தன. 1978இல் நிறுவனம் திவாலிலிருந்து மீண்டபோது அதற்குப் பொம்மைக் கடையின் பெயரே சூட்டப்பட்டது. முழுகிய கப்பலைத் தோணி இழுத்துக் கரை சேர்த்ததுபோல என்று சொல்லலாம். இதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். பின்னால் நடந்தது இதன் நேர் எதிர்.

இந்தத் தொடர் ஒன்றும் அப்பாவி அல்ல. இரங்கற்பா பாடுவோர் இதை மறந்துவிடுகிறார்கள். தெருமுனையில் ஒரு குடும்பம் நடத்திய பொம்மைக் கடைகள் இதன் மொத்தக் கொள்முதல் விலையோடு போட்டியிட முடியாமல் மூடப்பட்டன. சைல்ட் வேர்ல்டு என்னும் போட்டித் தொடர் 1992இல் ஒழிந்தது. லயனல் நிறுவனத்தின் கடைகள் 1993இல் ஒழிந்தன. இந்த ஆலமரத்தின் நிழலில் எத்தனை செடிகள் வாடின என்பதையும் எழுதுவதே நேர்மை. வாடியவர்களுக்காக அன்று எவரும் புயல் என்று புலம்பவில்லை. 'போட்டி' என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நிறுவனத்தின் தவறுகளையும் மறைக்க வேண்டியதில்லை. 1998இல் வால்மார்ட் பொம்மை விற்பனையில் இதை முந்தியது. பொம்மையில் வரும் இலாபத்தை நம்பி வால்மார்ட் வாழவில்லை. குறைந்த விலையில் பொம்மையைக் கொடுத்து ஆளை உள்ளே இழுத்து, மளிகையும் துணியும் விற்றது. 2000ஆம் ஆண்டில் இணைய விற்பனைக்காக அமேசானுடனேயே பத்தாண்டு ஒப்பந்தம் போட்டுக்கொண்டதும் தவறே. ஆண்டுக்கு 5 கோடி டாலரும் விற்பனையில் பங்கும் கொடுத்து, தன் வாடிக்கையாளரைத் தன் எதிராளியின் வாசலுக்கு அனுப்பி வைத்தது. அமேசான் தளத்தில் பிறரும் பொம்மை விற்கத் தொடங்கவே, 2004இல் வழக்குத் தொடுத்து, 2006இல் விடுபட்டது. அதற்குள் பிறர் இணையக் கடை நடத்தக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆக, காற்று அடித்தது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை.

*

இனி 2005க்கு வருவோம். அந்த ஆண்டில் கேகேஆர், பெய்ன் கேபிடல் என்னும் இரு தனியார் முதலீட்டு நிறுவனங்களும், வொர்னாடோ என்னும் நிலச்சொத்து நிறுவனமும் சேர்ந்து டாய்ஸ் ஆர் அஸ்ஸை ஏறத்தாழ 660 கோடி டாலருக்கு வாங்கின. அதில் அவர்கள் கைப்பணம் ஏறத்தாழ 130 கோடி. எஞ்சியது கடன். அந்தக் கடன் வாங்கியவர்கள் தலையில் ஏறவில்லை. வாங்கப்பட்ட கடையின் தலையில் ஏறியது.

பொருளாதார ஏடுகள் இதற்கு மதிப்பான பெயர்கள் வைத்திருக்கின்றன. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் எளிதாக விளங்கும். பாம்பனில் ஒருவர் விசைப்படகு ஒன்றை விலை பேசுகிறார் என்று கொள்வோம். விலை 66 இலட்சம். அவர் கையில் இருப்பது 13 இலட்சம். மீதி 53 இலட்சத்தைக் கடனாகப் பெறுகிறார். இதுவரை எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் கடன் பத்திரத்தில் அவர் கையெழுத்து இல்லை. கடனாளி படகு. படகு கடலுக்குப் போய்ப் பிடித்து வரும் மீனிலிருந்து முதலில் வட்டி, பிறகு டீசல், பிறகு ஐஸ், பிறகு ஆட்களின் பங்கு, கடைசியாக ஏதேனும் மிஞ்சினால் வலை பழுது பார்க்க. அதற்கும் மேலே, புதிய முதலாளி படகுக்கு 'ஆலோசனை' சொல்வதற்கென்று ஆண்டுதோறும் ஒரு கட்டணம் எடுத்துக்கொள்கிறார். அக்கம்பக்கத்துப் படகுகள் புது இயந்திரம் பூட்டுகின்றன. எதிரொலிக் கருவி வாங்குகின்றன. இந்தப் படகு வட்டி கட்டுகிறது. மீன் குறைந்த ஆண்டில் மற்றப் படகுகள் வயிற்றைக் கட்டிக்கொண்டு கரையில் கிடக்கும். இந்தப் படகு ஏலத்துக்குப் போகும். ஏலத்துக்குப் போன அன்று ஊர் என்ன சொல்லும்? 'கடலில் மீன் இல்லை' என்று சொல்லும்.

இதுதான் நடந்தது. விற்கப்படுவதற்கு முன்பும் கடைக்குக் கடன் இருந்தது; விற்கப்பட்ட பிறகு அது ஏறத்தாழ 500 கோடி டாலராக வீங்கியது. வட்டி மட்டும் ஆண்டுக்கு 40 கோடி டாலருக்கு மேல். 2016 நிதியாண்டில் நிறுவனத்தின் விற்பனை ஏறத்தாழ 1,150 கோடி டாலர். செத்த கடையின் விற்பனையா இது? அந்த ஆண்டு கடை நடத்தி ஈட்டிய இலாபம் 46 கோடி டாலரை ஒட்டியது. வட்டியும் ஏறத்தாழ அதே அளவு. வந்தது முழுவதும் வட்டிக்குப் போயிற்று. கடைகளின் தரை தேய்ந்தது; விளக்கு மங்கியது; ஆட்கள் குறைந்தார்கள்; இணையத்தளம் பின்தங்கியது. உள்ளே நுழைந்தவர்கள் இது பழங்கடை என்று முகம் சுளித்துத் திரும்பினார்கள். முகம் சுளித்தவர்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டவர்கள், தரையை மாற்றுவதற்கான பணம் எங்கே போயிற்று என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பங்குகளை மீண்டும் சந்தையில் விற்றுக் கடனைக் குறைக்க 2010இல் ஒரு முயற்சி தொடங்கியது, 2013இல் கைவிடப்பட்டது. 2017 செப்டம்பர் 18 அன்று நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் சென்றது. மீட்சிக்கான நம்பிக்கை அப்போதும் இருந்தது. திவால் செய்தி பரவியதும் சரக்குக் கொடுப்போர் அஞ்சினார்கள்; கிறிஸ்துமஸ் விற்பனை சரிந்தது. 2018 மார்ச்சில் அமெரிக்கக் கடைகளைக் கலைப்பதாக அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வெளியான ஒரு வாரத்துக்குள், மார்ச் 22 அன்று, 94 வயதில் சார்லஸ் லாசரஸ் காலமானார்.

வேலையிழந்தோர் 30,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் இருபது, முப்பது ஆண்டுகள் அங்கேயே பணிபுரிந்தவர்கள் உண்டு. திவால் காலத்தில் உயர் அதிகாரிகளுக்கு ஊக்கத்தொகை வழங்க நீதிமன்றம் இசைந்தது. கடை ஊழியர்களுக்குப் பணிநீக்க ஊதியம் இல்லை என்றார்கள். ஊழியர்கள் தெருவில் இறங்கினார்கள். முதலீட்டு நிறுவனங்களின் வாசலுக்கும் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் போனார்கள். 2018 நவம்பரில் கேகேஆரும் பெய்னும் சேர்ந்து 2 கோடி டாலர் நிதி ஒன்றை ஏற்படுத்தின. தலைக்குப் பங்கிட்டால் சராசரி 700 டாலரைத் தொடாது. அதுவும் சட்டம் கொடுத்ததன்று, கூச்சல் கொடுத்தது.

'முதலீட்டாளர்களும் போட்ட பணத்தை இழந்தார்கள் அல்லவா?' என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். இழந்தார்கள். நூறு படகுகளில் பங்கு வைத்திருப்பவர் ஒரு படகை இழந்தார். அந்தப் படகையே நம்பியிருந்தவர் எல்லாவற்றையும் இழந்தார். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது மொழியின் ஏழ்மை. மொழியைக் காப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நாம் அதற்குத் துணை போகக்கூடாது.

*

இலக்கிய நண்பர்களோடு வழக்காடும்போது இலக்கியத்திலிருந்தே ஒரு சான்று காட்டுவது நலம். சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்தை 'மண்ணியல் சிறுதேர்' எனத் தமிழில் தந்தவர் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார். அவர் பிறந்த மகிபாலன்பட்டி பழைய இராமநாதபுரம் மாவட்டத்து ஊர். 1985இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோதுதான் அது நம் எல்லையைக் கடந்தது. ஆகையால் இந்நாடகத்தின் மீது நமக்கு அண்டை வீட்டு உரிமை உண்டு.

நாடகத்தின் பெயர்க் காரணம் ஒரு பொம்மை. வறியவனாகிவிட்ட சாருதத்தனின் மகன் மண்ணால் செய்த சிறுதேரை வைத்து விளையாட மறுத்து அழுகிறான். அண்டை வீட்டுப் பிள்ளையிடம் அவன் கண்டது பொன் தேர். அழுகையைப் பொறுக்காத வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி மண் தேரில் நிரப்பிக் கொடுக்கிறாள். அன்பால் செய்த செயல்தான் அது, ஐயமில்லை. ஆனால் அந்த நகைகளே பின்னர் நீதிமன்றத்தில், சாருதத்தனின் நண்பனது மடியிலிருந்து விழுந்து, சாருதத்தன் நகைக்காகக் கொலை செய்தான் என்பதற்குச் சான்றாகின்றன. அவனைக் கொலைக்களம் வரை இழுத்துச் செல்கின்றன. குழந்தைக்கு வேண்டியது ஒரு தேர். அதில் ஏற்றப்பட்ட பொன் குழந்தையின் விளையாட்டுக்கு உதவவில்லை; தந்தையின் கழுத்துக்கு வந்தது.

பட்டினப்பாலையில் வரும் காட்சியும் இங்கே நினைவுக்கு வருகிறது. காயும் தானியத்தைக் கொத்த வரும் கோழியின் மீது எறிந்த பொற்குழை, சிறுவன் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. அது பட்டினத்தின் செல்வச் செழிப்பைச் சொல்வதற்காகப் புலவர் கண்ட காட்சி என்று உரைகள் சொல்லும். நாமும் அப்படித்தான் படித்தோம். இன்று படிக்கும்போது தேரை உருட்டும் சிறுவன்மீதே நம் கண் போகிறது.

வசந்தசேனை தன் சொந்த நகையைத் தந்தாள், திரும்பக் கேட்கவில்லை. 2005இல் பொம்மைத் தேரில் ஏற்றப்பட்டது பிறர் பணம், வட்டியோடு கேட்கப்பட்டது. வேறுபாடு அவ்வளவே. தேரை வடித்தவர்களும் இழுத்தவர்களும்தாம் இரண்டு இடத்திலும் விசாரணைக்கு நிற்கிறார்கள்.

*

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு நெருங்கியது. 1760இல் லண்டனில் 'நோவாவின் பேழை' என்னும் பெயரில் தொடங்கிய ஹாம்லீஸ் கடை, இந்த நூற்றாண்டில் மட்டும் ஐஸ்லாந்து, பிரான்ஸ், சீனம் என்று உரிமையாளர் கை மாறிவந்து, 2019இல் ஏறத்தாழ 6.8 கோடி பவுண்டுக்கு நம் நாட்டு ரிலையன்ஸ் கைக்கு வந்தது. ஐஸ்லாந்துக்காரர்கள் கையிலிருந்து அது போனதற்குக் காரணம் பொம்மை விற்காமை அன்று. 2008இல் அந்நாட்டு வங்கிகள் சரிந்தமை. டாய்ஸ் ஆர் அஸ்ஸின் முதல் இந்தியக் கடை 2017இல் பெங்களூரில் திறக்கப்பட்டது. தாய்வீடு திவாலான அதே ஆண்டு. பெயர் விற்பனைக்கு இருக்கிறது. வாங்கவும் ஆள் இருக்கிறது. நாளை ஒரு கடைத் தொடர் நம் ஊர்களில் எழுந்து வீழ்ந்தால், அப்போதும் நாம் புயல் என்றே எழுதுவோமா?

இன்னொரு வகை நண்பர்களும் உண்டு. இவர்கள் அழுவதில்லை, மகிழ்கிறார்கள். மேல்நாட்டுப் பேரங்காடி வீழ்ந்தது, இனி நம் பனையோலைக் கிலுகிலுப்பையும் நுங்கு வண்டியும் மரச்செப்பும் தலை நிமிரும் என்று மரபின் வெற்றியைப் பறைசாற்றுகிறார்கள். இவர்களோடுதான் நமக்குக் கூடுதல் வழக்கு.

ஐயா, கிலுகிலுப்பையை யார் முடைகிறார்கள் என்று ஒருமுறையேனும் போய்ப் பார்த்ததுண்டா? ஓலை வேண்டுமென்றால் பனை வேண்டும். பனை ஏறுவார் வேண்டும். நம் மாவட்டத்துப் பனைகள் செங்கல் சூளைக்கு விறகாகப் போனதை நாம் எல்லோரும் பேருந்து சன்னலில் இருந்து பார்த்தோம். ஏறுவோரின் பிள்ளைகள் ஏறுவதில்லை. அதில் குற்றம் காண நமக்கு உரிமை இல்லை. எஞ்சிய ஓலையை விலை கொடுத்து வாங்கி, காயவைத்து, சாயமேற்றி, முடைகின்ற பெண்ணுக்கு அதற்கான முதல் எங்கிருந்து வருகிறது? வியாபாரி தரும் முன்பணத்திலிருந்து. முன்பணம் வாங்கியவர் சரக்கை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். இந்தக் கடற்கரையில் மீனுக்கும் அதே வழக்கம்தான் என்பது கடலோரத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். பொம்மை விற்காததால் அவர் தேய்வதில்லை. விற்ற பொம்மையின் விலை அவர் கைக்கு வருமுன் கரைவதால் தேய்கிறார்.

இராமேசுவரத்தில் அக்கினி தீர்த்தத்தை ஒட்டிய கிளிஞ்சல் கடைகளுக்கு வாருங்கள். சங்கையும் சோழியையும் கிளிஞ்சலையும் கழுவி, தேய்த்து, மெருகேற்றி, ஒட்டிச் செய்த மயிலும் ஆமையும் விளக்கும் வரிசையாக இருக்கும். 2001இல் சில சங்கு, கிளிஞ்சல் இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவைக் காப்பதற்கு அது தேவை. அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் எந்த இனத்தை விற்கலாம், எதைத் தொடக்கூடாது என்று கடைக்காரருக்குச் சொல்லித்தருவதற்கும், மாற்றுச் சரக்குக்குக் குறைந்த வட்டியில் கடன் தருவதற்கும் எவ்வளவு முயன்றோம் என்று கேட்கத்தான் வேண்டும்.

பொம்மை இறக்குமதிக்கான சுங்கவரி 2020 பிப்ரவரியில் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆக்கப்பட்டது. 2023இல் 70 ஆயிற்று. 2021 ஜனவரி முதல் தரக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து, பொம்மைக்குத் தரமுத்திரை கட்டாயமாயிற்று. கைவினைப் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. கைவினைத்துறையில் பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு, புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கு. நல்ல விலக்குதான். ஆனால் 'பதிவு பெற்ற' என்னும் இரண்டு சொற்களைத் தாண்டுவதற்கு எத்தனை படிவங்கள், எத்தனை நாள் கூலி இழப்பு என்பதை முடைகின்ற பெண்ணிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்குக் குறியீடு உண்டு. நம் கிலுகிலுப்பைக்காக எந்தக் குறியீட்டைக் கேட்டோம்?

இதைச் சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறதா என்பதையும் ஆராய்வோம். சிறுவர் நூல் வெளியீடு ஒன்றுக்காக நம் குழு அறுபது ஓலைக் கிலுகிலுப்பைகள் செய்யச் சொன்னது. மேடையில் மரபைப் பற்றி மூவர் பேசினோம். பிள்ளைகள் கிலுகிலுப்பையை ஆட்டி அரங்கை நிறைத்தார்கள். படங்கள் அழகாக வந்தன. செய்து தந்த அம்மாவுக்குப் பணம் கொடுத்தது நாற்பது நாள் கழித்து. பொருளாளர் ஊரில் இல்லை, வசூல் முடியவில்லை என்று நமக்குக் காரணங்கள் இருந்தன. அந்த நாற்பது நாளும் அவர் ஓலை வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியிருக்கிறார். பணம் கொடுக்கப் போனபோது பேச்சுவாக்கில் அறிந்துகொண்டோம். அவர் குறையாகச் சொல்லவில்லை. நம் விழாவின் செலவில் ஒரு பகுதியை அவர் வட்டியாகக் கட்டியிருந்தார். 660 கோடி டாலரும் அறுபது கிலுகிலுப்பையும் அளவால் ஒப்பிடத்தக்கன அல்ல. செய்கை ஒன்றே. வாங்கியவன் சுமக்க வேண்டிய கடனை விற்றவர் சுமந்தார்.

*

தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003இல் சட்டம் இயற்றப்பட்டது. அது எவ்வளவு செயல்படுகிறது என்பது வேறு வழக்கு. அளவுக்கு மீறிய வட்டி குற்றம் என்ற எண்ணமாவது சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. ஒரு நிறுவனத்தை வாங்குபவர் தாம் பட்ட கடனை அந்த நிறுவனத்தின் ஊழியர் தலையில் இறக்கி வைப்பதும் குற்றமே என்ற எண்ணம் எங்கும் வேரூன்றவில்லை. வேரூன்ற வேண்டும் என்பது நம் முதல் வாதம். கடை மூடும்போது முதல் ஈட்டுரிமை அங்கே வேலை செய்தவருக்கு இருக்க வேண்டும் என்பது இரண்டாவது.

மூன்றாவது வாதம் எழுதுகிறவர்களை நோக்கியது. அடுத்த முறை ஒரு கடை மூடப்பட்டால், இரங்கற்பாவுக்கு முன்னால் பேரேட்டைக் கேளுங்கள். எவ்வளவு விற்றது, எவ்வளவு கடன், கடனை வாங்கியது யார், வட்டியைக் கட்டியது யார் என்று நான்கு கேள்விகள் போதும். பிறகு காலத்தையும் குழந்தைகளையும் குறை சொல்ல இடமிருந்தால் சொல்லிக்கொள்ளலாம். குழந்தைகள் விளையாடுவதை நிறுத்தவில்லை. பாம்பன் கரையில் மாலையில் போய் நின்றால், கிடைத்த தெர்மாகோல் துண்டைப் படகாக்கி விடுகிற சிறுவர்களைக் காணலாம்.

நான்காவது நமக்கே. அக்கினி தீர்த்தக் கடையில் கிளிஞ்சல் மயிலுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடுகிற நாம், பேரங்காடியில் அச்சிட்ட விலையைக் கேள்வியின்றிக் கட்டுகிறோம். அந்தப் பத்து ரூபாயில் மரபு வாழப்போவதில்லை என்று சொல்லலாம். அதை முடைந்தவரின் ஒரு வேளைத் தேநீர்ச் செலவாவது அதில் இருக்கிறது.

அடுத்த ஆண்டு விழாவுக்கும் அதே அம்மாவிடம் நூறு கிலுகிலுப்பைகள் சொல்லியிருக்கிறோம். ஓலைக்கான பணத்தை இம்முறை முன்கூட்டியே கொடுத்துவிட்டோம். மீதியைச் சரக்கு வாங்கும் நாளிலேயே தருவதாகப் பேச்சு. தவறினால் இதே பக்கத்தில் நம்மைக் கேள்வி கேட்கும் உரிமையை வாசகர்களுக்கு வழங்குகிறோம்.